நோய் எதிர்ப்பு மண்டலம்: நர்சிங் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் ஒரு கல்லூரியில் நர்சிங் பிள்ளைகளுக்கு மெட்-சர்ஜ் (மருத்துவ-அறுவைச் சிகிச்சை நர்சிங்) பாடம் எடுக்கிறேன். அதற்கு முன்னால் பல வருடம் வார்டில் நின்றவள். இம்யூனிட்டி பாடம் வந்தால் வகுப்பில் ஒரு அமைதி இறங்கும், அது புரிந்த அமைதி இல்லை. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "மேடம், ஒரு டவுட்" என்று ஆரம்பிக்கும். அந்த டவுட்டுகளைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிலபஸ் வரிசையை எதிர்பார்க்காதீர்கள்.

நோய் எதிர்ப்பு சக்தி என்றால் உடம்பில் இருக்கிற தெம்புதானே?

இல்லை. அந்த "சக்தி" என்ற சொல்தான் குழப்பத்தைக் கிளப்புகிறது. கூட்டலாம், குறைக்கலாம், டம்ளரில் கலக்கிக் குடிக்கலாம் என்ற நினைப்பு அதிலிருந்துதான் வருகிறது. இது முதலில் ஆள் அடையாளம் காணும் வேலை. நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் யார் போனாலும் "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்காமல் விடமாட்டார். பாட்டிக்குக் கண் மங்கிவிட்டால் திருடன் உள்ளே போய்விடுவான், அது எதிர்ப்புக் குறைபாடு. சொந்தப் பேரனையே கம்பெடுத்து விரட்டினால் அது ஆட்டோஇம்யூன். தபால்காரர் வந்ததற்கு ஊரையே கூட்டினால் அலர்ஜி. இந்த அத்தியாயத்தின் நோய்களில் முக்கால்வாசி இந்த மூன்றுக்குள் வந்துவிடும்.

இன்னேட், அடாப்டிவ் இரண்டுக்கும் வித்தியாசம் மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

காலில் முள் குத்தியதுண்டா? முதலில் அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். ஓரிரு நாளில் சீழ் வைக்கும். இதெல்லாம் இன்னேட், பிறவியிலேயே இருப்பது. தோல் என்ற மதில் உடைந்ததும் அங்கே இருக்கும் மேக்ரோபேஜ் என்ற காவல் செல் கூப்பாடு போடுகிறது, ரத்தக்குழாய் விரிகிறது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஓடி வந்து கிருமியை விழுங்கிச் சாகிறது. சீழ் என்பது பெரும்பாலும் அந்தச் செத்த நியூட்ரோஃபில்தான். அவை வந்திருப்பது என்ன கிருமி என்று விசாரிப்பதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே அடி.

அப்புறம் தொடை இடுக்கில் நெறி கட்டும். முள் பாதத்தில், கட்டி இடுக்கில், ஏன்? டென்ட்ரிடிக் செல் கிருமியின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாக அங்கே இருக்கும் முடிச்சுக்குப் போய் "இதுதான் ஆள்" என்று டி செல் என்ற வெள்ளணுவுக்குக் காட்டுகிறது. அந்த ஆளுக்கென்றே பொருந்தும் டி செல்லும் பி செல்லும் அங்கே பெருகுகின்றன, முடிச்சு வீங்குகிறது. இது அடாப்டிவ். முதல் தடவை தயாராகப் பல நாள் ஆகும், ஆனால் முகத்தை மறக்காது. அடுத்த தடவை அதே கிருமி வந்தால் நினைவு செல்கள் சீக்கிரமே கிளம்பிவிடும். தடுப்பூசியின் அடிப்படையே இந்த ஞாபகம்தான். ஆக, "நெறி கட்டியிருக்கு சிஸ்டர்" என்று யாராவது சொன்னால் முடிச்சை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு வராதீர்கள், அந்த முடிச்சுக்கு வடிகிற பகுதி முழுவதையும் பாருங்கள். கழுத்தென்றால் பல், தொண்டை, தலையில் பேன் புண். இடுக்கென்றால் கால்விரல் சந்து வரைக்கும்.

பி செல், டி செல் எங்கே தயாராகிறது?

இரண்டும் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். பி அங்கேயே முதிர்கிறது, டி மட்டும் தைமஸுக்குப் போய்ப் பாடம் படித்து வருகிறது. சொந்த உடம்பை அடிக்கத் துடிக்கும் டி செல்களை அங்கேயே வடிகட்டிவிடுவார்கள். அந்த வடிகட்டலில் தப்பியவைதான் பின்னால் வம்பு செய்கின்றன.

ஐந்து இம்யூனோகுளோபுலினையும் எப்படி மனப்பாடம் செய்வது?

இம்யூனோகுளோபுலின் என்றால் ஆன்டிபாடி, கிருமியைப் பிடிக்க பி செல் வழியாக வரும் புரதம். மனப்பாடம் வேண்டாம், நோயாளியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐஜிஎம் முதலில் வருவது, புதுத் தொற்றுக்கு அடையாளம். ஐஜிஜி ரத்தத்தில் மிக அதிகம், முக்கால் பங்குக்கு மேல், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவது இது ஒன்றுதான். ஐஜிஏ எச்சில், கண்ணீர், சீம்பால். ஐஜிஇ அலர்ஜிக்கும் குடல் புழுவுக்கும். ஐஜிடி... அது இருக்கிறது என்று எழுதினால் போதும், வார்டில் அதைத் தேடி யாரும் வரப்போவதில்லை.

தாயிடமிருந்து ஐஜிஜி வருகிறதே, பிறகு ஏன் தடுப்பூசி? அதிலும் தட்டம்மை ஊசி மட்டும் ஏன் 9 மாதம் வரை காத்திருக்க வேண்டும்?

தாய் கொடுத்தது இரவல். சில மாதத்தில் தீர்ந்துபோகும், குழந்தைக்குச் சொந்த ஞாபகமும் உண்டாகாது. இதைத்தான் பாஸிவ் என்கிறோம். எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ், அது உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் வேலை நடக்கும். தாயின் ஆன்டிபாடி இன்னும் மிச்சமிருந்தால் அந்த வைரஸை ஊசி போட்ட உடனே அழித்துவிடும். அதனால்தான் முதல் டோஸ் 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். சீம்பாலைப் பிழிந்து கீழே விடச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்கு நிற்காதீர்கள், "பாட்டி, இதுதான் பிள்ளைக்கு முதல் ஊசி, வலிக்காத ஊசி" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு இது பலித்திருக்கிறது.

பாம்புக்கடிக்குப் போடும் ஏஎஸ்வி-யும் பாஸிவ்தானா?

ஆமாம். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் உடம்பு தயாரித்த ஆன்டிபாடியை எடுத்து நமக்குப் போடுகிறோம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான் நம் மருந்து. ரப்பர் தோட்டத்தில் விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது, அதனால் நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் இந்த மருந்தைக் கையில் எடுப்பீர்கள். குதிரைப் புரதம் வெளியாள் என்பதால் ஏற்றிய சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி, வரலாம். அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டிரிப்பைத் திறக்க வேண்டும். தோலில் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பது இதற்கு வேண்டாம், அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நேரம்தான் போகும்.

ஹைப்பர்சென்ஸிட்டிவிட்டி நான்கு வகையும் குழம்புகிறது.

எதிர்ப்பு அளவுக்கு மீறிப் பாய்ந்து நம் உடம்பையே புண்படுத்துவதுதான் ஹைப்பர்சென்ஸிட்டிவிட்டி. கெல்லும் கூம்ஸும் 1963-ல் பிரித்த வகைகள் இவை. நம் ஊர் ஆட்களை வைத்தே சொல்கிறேன்.

மார்த்தாண்டத்தில் தேன் வளர்க்கும் ஒருவருக்குத் தேனீ கொட்டி, பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் காணாக்கடி மாதிரித் தடித்து மூச்சு இழுக்கிறது. இது முதல் வகை. முன்னால் கொட்டியபோதே தயாரான ஐஜிஇ, மாஸ்ட் செல்லின் மேல் ஒட்டிக் காத்திருந்து, இப்போது தடிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டவைத்திருக்கிறது. நிமிடக் கணக்கு.

இரண்டாவது வகையில் ஆன்டிபாடி நேராக செல்லின் மேலேயே பாய்கிறது. ரத்தப் பிரிவு மாற்றி ஏற்றுவது இதுதான். நடுக்கம், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம். ரத்தம் ஏற்ற ஆரம்பித்த முதல் 15 நிமிடம் நோயாளியை விட்டு நகராதே என்று ஏன் திட்டுகிறோம் என்பது இப்போது புரிகிறதா? சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்து, பிறகு கூப்பிடு. புது செட்டில் நார்மல் சலைன் ஓடட்டும், பையை எறியாமல் பிளட் பேங்குக்குத் திருப்பி அனுப்பு. ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு ஆன்டி-டி போடுவதும் இந்த வகையைத் தடுக்கத்தான், பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்.

மூன்றாவது வகையில் ஆன்டிஜெனும் (ஆன்டிபாடி பிடிக்கும் வெளிப்பொருள்) ஆன்டிபாடியும் கட்டிக்கொண்டு ரத்தத்தில் மிதந்து சிறுநீரகத்திலோ மூட்டிலோ போய்ப் படிகின்றன. காலில் சிரங்கு வந்து ஆறிய பையன், மூன்று வாரம் கழித்துக் காலையில் முகம் வீங்கி எழுகிறான், மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போகிறது. ஏஎஸ்வி போட்டு வீட்டுக்குப் போனவர் ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்போடு திரும்பி வருவதும் இதே கதைதான். டிஸ்சார்ஜ் அன்றைக்கே அவரிடம் இதைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

நான்காவதில் ஆன்டிபாடியே கிடையாது, டி செல் மட்டும், அதனால் தாமதம். அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கும் அக்காமார்களின் கையைப் பாருங்கள். தோட்டெண்ணெய் பட்டதும் கறுத்து வெந்துபோவது நேரடிக் காயம், அது இம்யூன் சமாச்சாரம் இல்லை. ஆனால் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துக் கையிலும் கண் இமையிலும் அரிப்பும் கொப்புளமும் வருகிறதே, அதுதான் நான்காவது வகை. மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாவது, சேராங்கொட்டை பட்டுப் பொங்குவது எல்லாம் ஒரே தாவரக் குடும்பத்தின் வேலை.

டிபி-க்குத் தோலில் போட்டுப் பார்க்கும் மான்டூவும் இதே வகைதான். அதனால்தான் 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்க்கிறோம். அளப்பது தடிப்பை, சிவப்பை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி ஓரத்தைக் கண்டுபிடியுங்கள், சிவப்பு உங்களை ஏமாற்றாது.

அனாஃபிலாக்ஸிஸ் வந்தால் முதலில் அவிலா, டெக்ஸாவா?

அவில் அலர்ஜி மருந்து, டெக்ஸா ஸ்டீராய்டு. முதலில் இரண்டும் இல்லை. அட்ரினலின். இதில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது.

நான் ஸ்டூடன்டாக இருந்தபோது ஒரு வார்டில் (எந்த ஊர் என்று கேட்க வேண்டாம்) ஒரு அம்மாவுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் போடப் போனேன். "அலர்ஜி ஏதும் உண்டா?" என்று கேட்டேன், "இல்ல பிள்ளே" என்றார். மருந்து பாதி போவதற்குள் உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தார். "என்னமோ மாதிரி வருது" என்று ஒரு சொல். பிறகு உதடு தடித்தது. நான் அவிலைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டாஃப் சிஸ்டர் என்னைத் தள்ளிவிட்டு, மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலினைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு சீரானது, எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. சாயந்திரம் உட்கார்ந்து பேசும்போது சொல்கிறார், போன வருடம் வேறொரு இடத்தில் ஊசி போட்டு "உடம்பெல்லாம் தடிச்சு, முகம் வீங்கி"விட்டதாம். அவருக்கு அலர்ஜி என்ற சொல்தான் தெரியவில்லை, விஷயம் தெரியும். அன்றிலிருந்து நான் "ஊசி போட்டோ மாத்திரை சாப்பிட்டோ எப்பவாவது தடிப்பு, வீக்கம், மூச்சுமுட்டு வந்திருக்கா?" என்றுதான் கேட்பேன்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 1:1000 ஆம்பூல், 1 மில்லியில் 1 மில்லிகிராம். பெரியவருக்கு 0.5 மில்லி, தொடையின் நடுவில் வெளிப்பக்கமாக, தசைக்குள். குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். குணமில்லையென்றால் 5 நிமிடத்தில் மறுபடியும். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்காரவிடலாம், ஆனால் எழுந்து நடக்கவிடாதீர்கள், பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். ஆக்சிஜன், சலைன் எல்லாம் இதோடு சேர்ந்து. அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அப்புறம். சரியான பிறகும் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம், அதனால் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை.

க்ளவுஸ் போட்டால் கை அரிக்கிறது. எனக்கு அலர்ஜியா?

நம் மாவட்டத்துக்கென்றே வைத்த கேள்வி. குலசேகரத்தில் சிரட்டையில் சொட்டுகிற அதே ரப்பர் பால்தான் உங்கள் கையில் க்ளவுஸாக ஏறுகிறது. அரிப்பு மூன்று காரணத்தால் வரலாம். பெரும்பாலும் வெறும் எரிச்சல்: ஈரக்கையோடு மாட்டுவது, சோப்பு சரியாகப் போகாதது, பவுடர். இரண்டாவது, ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனத்துக்கு நான்காவது வகை எதிர்வினை, ஒரு நாள் கழித்து விரல் பின்புறம் வெடிக்கும். மூன்றாவதுதான் ஆபத்து. ரப்பர் பாலின் புரதத்துக்கு ஐஜிஇ இருந்தால் சில நிமிடத்தில் தடிப்பு, தும்மல், இழுப்பு. பவுடர் போட்ட க்ளவுஸை உதறினால் அந்தப் புரதம் காற்றிலேயே பறக்கும். அமெரிக்காவில் 2017-ல் பவுடர் க்ளவுஸைத் தடையே செய்துவிட்டார்கள்.

பலூன் ஊதினால் உதடு தடிக்கிறதா, வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ரப்பர் புரதமும் வாழை, பப்பாளி, அவகாடோ புரதமும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றுக்குத் தயாரான ஐஜிஇ மற்றதையும் பிடித்துக்கொள்ளும். மட்டிப்பழமும் செவ்வாழையும் குலை குலையாகத் தொங்குகிற ஊரில் இதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். அப்படி இருந்தால் நைட்ரைல் க்ளவுஸ் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். முதுகெலும்புப் பிளவோடு பிறந்து பல ஆபரேஷன் கண்ட குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து அதிகம், கேத்தீட்டர் போடும் முன் யோசியுங்கள்.

சூரை மீன் சாப்பிட்டு ஒரு வீட்டில் நாலு பேருக்கும் முகம் சிவந்து தலைவலி. நாலு பேருக்கும் அலர்ஜியா?

இல்லை. ஐஸில் வைக்காத சூரை, அயிலை போன்ற மீன்களில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும், சமைத்தாலும் அது போகாது. உடம்பு ஹிஸ்டமினைச் சுரக்கவில்லை, மீனோடு தின்றிருக்கிறார்கள். சாப்பிட்ட எல்லோருக்கும் வந்தால் முதலில் மீனைச் சந்தேகப்படுங்கள்.

ஆட்டோஇம்யூன் நோயாளிக்கு நர்ஸ் என்ன செய்ய முடியும்? எல்லாம் டாக்டர் மருந்துதானே?

மருந்தில்தான் நமக்கு வேலையே. உடம்பு தன் தோல், மூட்டு, உறுப்புகளையே தாக்கும் லூபஸ் பெண்களுக்குத்தான் அதிகம், பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கன்னத்தில் பட்டாம்பூச்சி மாதிரிச் சிவப்பு, மூட்டு வலி, வெயில் பட்டால் கூடும். கூடை சுமந்து வெயிலில் மீன் விற்கும் அக்காவிடம் "வெயிலில் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் அது அறிவுரை ஆகாது. குடை, முழுக்கைச் சட்டை, விடியற்காலையிலேயே வியாபாரத்தை முடிக்க வழியிருக்கிறதா என்று உட்கார்ந்து பேசுங்கள்.

எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அட்ரினல் சுரப்பி தூங்கிக்கிடக்கும். முகம் உப்புகிறது என்று பிள்ளைகள் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, மஜ்ஜை படுத்து, உயிருக்கே வந்துவிடும். சீட்டில் கிழமையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், புதன் என்றால் புதன், அதோடு திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு கிழமைக்கு.

ஏஎன்சி எப்படிக் கணக்குப் போடுவது?

ஏஎன்சி என்றால் ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோஃபில் எண்ணிக்கை. மொத்த வெள்ளணுவை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்கவும், பேண்ட் செல் (முழுதும் முதிராத நியூட்ரோஃபில்) இருந்தால் அதையும் சேர்த்து. வெள்ளணு 2,000, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் 400. 1,500-க்குக் கீழே குறைவு, 500-க்குக் கீழே அபாயம்.

திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ எடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பி, பத்தாம் நாள் "சும்மா ஒரு காய்ச்சல்" என்று வருவார்கள். சீழ் இருக்காது, சிவப்பு இருக்காது, எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கும். சீழ் வைக்க நியூட்ரோஃபில் வேண்டுமே! காய்ச்சல் மட்டுமே ஒரே அடையாளம், 38.3 டிகிரி ஒரு தடவை வந்தாலே போதும். ஓபி வரிசையில் உட்காரவைக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது, எனிமா கூடாது.

எச்ஐவி வார்டில் டூட்டி போட்டிருக்கிறார்கள். வீட்டில் பயப்படுகிறார்கள்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு மருந்தே கிடையாது. இன்றைக்கு ஒரு மாத்திரை தினமும், வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவில்கூடத் தொற்றாது. டி செல்லின் ஒரு வகையான சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனாலோ, எய்ட்ஸுக்கென்று குறித்த சில நோய்கள் வந்தாலோதான் எய்ட்ஸ். கட்டிலில் அடையாளம் மாட்டுவது, பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்வது எல்லாம் 2017-ம் வருடச் சட்டப்படியே தப்பு.

ஊசி குத்திவிட்டால்? எச்ஐவி தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் பி தொற்ற, அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவருக்கு 30 சதவீதம் வரை போகும். நிஜத்தில் பயப்பட வேண்டியது பி-க்குத்தான். குத்திய விரலைப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள், சோப்பும் தண்ணீரும் போதும். உடனே சொல்லுங்கள். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பிஇபி மாத்திரை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72-க்குள், 28 நாள். திட்டுவார்களோ என்று மறைத்து மூன்றாம் நாள் அழுதுகொண்டு வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

இம்யூனிட்டி கூட்டும் டானிக், கஷாயம் பற்றி வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

தூக்கம், சாப்பாடு, தடுப்பூசி, புகை விடுவது: இவற்றைச் சொல்லுங்கள். நிலவேம்பைக் குடிக்கட்டும், ஆனால் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவரோ லூபஸ்காரரோ "சக்தி கூட" ஏதாவது குடிக்கப்போனால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் எதிர்ப்பை அடக்க மாத்திரை தின்கிறவர்கள், அதைத் தட்டி எழுப்ப அல்ல.

ஹாஸ்டலில் ஒருத்திக்கு அம்மை போட்டிருக்கிறது. நாங்கள் டூட்டிக்குப் போகலாமா?

சிக்கன்பாக்ஸ் என்றால், முன்னால் வந்தவர்களும் இரண்டு டோஸ் ஊசி போட்டவர்களும் போகலாம். வராதவர்கள், ஊசியும் போடாதவர்கள், அவளோடு இருந்த நாளிலிருந்து எண்ணி 8-ம் நாள் முதல் 21-ம் நாள் வரை நோயாளியிடம் போகக் கூடாது, ஏனென்றால் கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவும். மூன்று நாளுக்குள், போனால் ஐந்துக்குள், ஊசி போட்டால் தடுக்க வாய்ப்புண்டு. அவள் எல்லாக் கொப்புளமும் பொருக்கு தட்டிய பிறகு வரட்டும். வேப்பிலை வைக்கட்டும், தப்பில்லை, ஆனால் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.

இதே வைரஸ் நரம்பு முடிச்சில் பல வருடம் ஒளிந்திருந்து, வயதாகி டி செல் தளர்ந்ததும் ஒரு பக்கமாக வரிசையாய்க் கொப்புளிக்கும். அதைத்தான் நம் ஊரில் அக்கி என்று காவி எழுதுகிறோம். காவி எழுதிக்கொண்டு யாராவது வார்டுக்கு வந்தால் சிரிக்காதீர்கள். மெதுவாகக் கழுவிவிட்டு, கண் பக்கம் பரவியிருக்கிறதா என்று பாருங்கள், கொப்புளம் வந்து எத்தனை நாள் என்று கேளுங்கள். மூன்று நாளுக்குள் என்றால் மாத்திரைக்கு நல்ல பலன் உண்டு.